பெயிண்டை நம்பாமல் பழைய வெஸ்பாவின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

நான் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். இத்தாலியில், பீசாவுக்குப் பக்கத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பதினோரு வருடமாக ஸ்ப்ரே கன்னும் கையுமாக நிற்கிறேன். வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்த பொந்தெடேரா எங்கள் பட்டறையிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: பழைய வெஸ்பா வாங்கப் போனால் பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். ஐம்பது அறுபது வருடத்துத் துருவையும் அடியையும் என்னைப் போன்ற ஒருவன் நாலு நாளில் மூடிவிடுவான். மூடியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த நானே ஒருமுறை ஏமாந்தேன். பழைய வண்டிச் சந்தை ஒன்றில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு வெஸ்பா நின்றது. "1958 ஜிஎஸ்" என்று அட்டை தொங்கியது. ஜிஎஸ் என்பது வெஸ்பாவின் வேகமான ஸ்போர்ட்ஸ் மாடல். நீள சீட், பெரிய சக்கரம், முன்னால் ஜிஎஸ் எழுத்து. வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பதற்றத்தில் 300 யூரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். வண்டியும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று வந்ததுதான் மிச்சம். குனிந்து எதைப் பார்த்தேன் என்பதை இடம் வரும்போது சொல்கிறேன்.

கையில் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. சின்ன டார்ச், துணியில் சுற்றிய ஒரு காந்தம், முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு அட்டை. விற்பவர் காபி குடிக்கலாம் என்று அழைப்பார். பார்த்து முடித்தபிறகு குடிக்கலாம்.

தள்ளி நின்று: ஹெட்லைட் எங்கே?

முதலில் நாலடி தள்ளி நின்று முகத்தைப் பாருங்கள். ஹெட்லைட் முன் மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்தால், அதை இங்கே ஃபாரோ பாஸ்ஸோ என்பார்கள், தாழ்ந்த விளக்கு. 1946-இல் வந்த முதல் வெஸ்பா 98-க்கும் அதன் பிறகு வந்த 125 வண்டிகளுக்கும் விளக்கு அங்கேதான். 125 சிசி வண்டிகளில் 1957 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. 1953-இல் விலை குறைந்த 125 யு என்ற மாடலில்தான் இத்தாலியில் விளக்கு முதன்முதலாக மேலேறி ஹேண்டில்பாரில் உட்கார்ந்தது. மலிவு விலை வண்டியில் தொடங்கிய மாற்றம் பிறகு எல்லா வண்டிக்கும் வந்துவிட்டது. அடுத்த வருடம் வந்த 150-இல் குழாய் ஹேண்டில்பாரின் மேல் விளக்கு தனியாக நீட்டிக்கொண்டு நின்றதால் அதற்கு ஸ்த்ருத்ஸோ, அதாவது தீக்கோழி, என்று பட்டப்பெயர். நேரில் பார்த்தால் பெயர் வைத்தவரை மறுக்க முடியாது.

அதற்கடுத்து ஹேண்டில்பாரைப் பாருங்கள். வெறும் குழாயும் வெளியே தொங்கும் கேபிள்களும் பழைய வழக்கம். 1955-இல் வந்த ஜிஎஸ்ஸில் விளக்கும் ஹேண்டில்பாரும் ஒரே உடலாக வார்க்கப்பட்டன, கேபிள்களும் பிறகு உள்ளே மறைந்தன. 1960-களில் வந்த ஜிஎல், ஸ்பிரிண்ட், 180 எஸ்எஸ் ஆகியவற்றில் விளக்கு வட்டம் போய் மேலே அகன்று கீழே குறுகிய வடிவத்துக்கு மாறியது. சதுர விளக்கோடு சின்னதாக ஒரு வண்டி நின்றால் அது பெரும்பாலும் 50 ஸ்பெஷல்.

முன்பக்கத்தில் உள்ள, வெஸ்பாவைச் செய்யும் பியாஜியோ கம்பெனியின் சின்னமும் ஒரு துப்பு. 1967 வாக்கில் அறுகோணச் சின்னம் வந்தது, அதற்கு முன்னால் செவ்வகக் கேடயம். ஆனால் சின்னம் எளிதில் கழற்றி மாற்றக்கூடிய பொருள். அதை வைத்து யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

காந்தம்: உடம்புதான் சேசிஸ்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வெஸ்பாவின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது. பியாஜியோ விமானம் செய்த கம்பெனி. போரில் பொந்தெடேரா தொழிற்சாலை குண்டு விழுந்து நொறுங்கியது. இனி விமானம் செய்து பிழைக்க முடியாது என்ற நிலையில், சாதாரண ஜனங்கள் வாங்கி ஓட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று என்ரிகோ பியாஜியோ முடிவு செய்தார். அவருடைய ஆட்கள் முதலில் செய்த மாதிரிக்கு எம்பி5 என்று பெயர், தொழிலாளிகள் அதை பப்பெரினோ என்று கூப்பிட்டார்கள், டொனால்ட் டக்குக்கு இத்தாலியில் அதுதான் பெயர். என்ரிகோவுக்கு அது பிடிக்கவில்லை. கொர்ராதினோ தஸ்கானியோவிடம் வேலையைக் கொடுத்தார்.

தஸ்கானியோ ஹெலிகாப்டர் வடிவமைத்த பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. உட்கார வசதியில்லை, சங்கிலியிலிருந்து எண்ணெய் தெறித்து உடுப்பு பாழாகிறது, டயர் பஞ்சரானால் பெரிய அவஸ்தை என்பது அவர் குறை. அந்த வெறுப்பிலிருந்தே அவர் வண்டியை வரைந்தார். சங்கிலி வேண்டாமா, எஞ்சினைப் பின் சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்து நேராகச் சுற்ற விட்டார். காலில் கியர் மிதிப்பதற்குப் பதிலாக இடக்கைப் பிடியில் கியர். முன் சக்கரத்தை ஒரே பக்கம் பிடிக்கும் கை, விமானத்தின் இறங்கு சக்கரம் மாதிரி, அதனால் காரைப் போல நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை மாற்றலாம். தனியாகக் குழாய்ச் சட்டம் கிடையாது, அழுத்தி வளைத்த எஃகுத் தகடே உடம்பு, அதுவே சேசிஸ். 1946 ஏப்ரல் 23-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். மாதிரி வண்டியைப் பார்த்த என்ரிகோ, குளவி மாதிரி இருக்கிறதே என்றாராம். இத்தாலிய மொழியில் குளவிக்கு வெஸ்பா. மிலான்காரர்களின் லாம்ப்ரெத்தா அடுத்த வருடமே போட்டிக்கு வந்தது, ஆனால் அது குழாய்ச் சட்டத்தின்மேல் நின்ற வண்டி.

இதெல்லாம் கதைக்காகச் சொல்லவில்லை. தகடே சேசிஸ் என்றால், தகட்டில் துரு பிடித்தால் சேசிஸில் துரு பிடித்தது என்று அர்த்தம். மோட்டார் சைக்கிளில் டேங்க் துருப்பிடித்தால் டேங்கை மாற்றலாம். வெஸ்பாவில் கால் வைக்கும் தரை போனால் முதுகெலும்பு போன மாதிரி.

ஆகவே காந்தத்தை எடுங்கள். முன் தகட்டில் சும்மா வைத்துப் பாருங்கள், டக்கென்று ஒட்டும். அந்த இழுப்பைக் கையில் நினைவு வைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு நகர்த்துங்கள். இழுப்பு தளர்ந்தால் கீழே பட்டி. தரையின் நான்கு மூலை, நடுவில் மேடாக ஓடும் பாகம், ஸ்டாண்டு மாட்டிய இடத்தைச் சுற்றி, பின் விளக்குக்கு அடியில், இவைதான் முதலில் அரிக்கும் இடங்கள். அப்புறம் அட்டையைப் போட்டு முட்டிபோட்டு, தரையின் அடிப்பக்கத்தை டார்ச்சில் பாருங்கள். தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங் வைத்த இடங்களில் விரல் நுனி அளவு சின்னக் குழிகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசை நடுவில் அறுந்து, அங்கே மொத்தமாக ஒரு வெல்டிங் கோடு ஓடினால் தகட்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லாமல் "ஒரிஜினல்" என்பதுதான் குற்றம்.

பெயிண்டர் வேலையில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. விற்பவர் சம்மதித்தால், வெளியே தெரியாத இடத்தில், பெட்ரோல் டேங்குக்கு அடியில் என்று வையுங்கள், நாணய அளவு இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். ஒருமுறை சிவப்பு, அதற்கடியில் வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் சாம்பல் என்று நான்கு வளையம் எண்ணினேன். வண்டி எத்தனை கை மாறியது என்று விற்பவர் சொல்வதைவிட இது சரியாகச் சொல்லும்.

சக்கரமும் கியரும்

சக்கரத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு போதும். 98-உம் பழைய 125, 150 வண்டிகளும் 8 அங்குலம். 1955-இல் ஜிஎஸ் 10 அங்குலத்தைக் கொண்டுவந்தது. 1963-இல் வந்த வெஸ்பா 50-க்கு முதலில் 9 அங்குலம். 10 அங்குலம் பொது வழக்கமானது பிறகுதான், அப்போதும் 150 சூப்பர் போன்றவை 8 அங்குலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் சக்கரத்தை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது, பொய்யைப் பிடிக்கத்தான் அது உதவும். முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரே பக்கம் தாங்கும் அச்சு என்பதால் பேரிங் தேய்ந்தால் உடனே ஆட்டம் தெரியும்.

இடக்கைப் பிடியைத் திருப்பிக் கியர் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சின் வரை கம்பிகளால் கியர் மாறும், அந்த வண்டிகளை இங்கே பாக்கெத்தா என்பார்கள். 1951 வாக்கில் கேபிள் வந்துவிட்டது. கம்பி உள்ள வண்டி கிடைத்தால் விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். 98-க்கு மூன்று கியர், ஜிஎஸ்ஸுக்கு நான்கு.

பின் சஸ்பென்ஷனையும் சொல்லிவிடுகிறேன். 98-க்குப் பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. 1948-இல் வந்த 125-இல்தான் பின் சஸ்பென்ஷன் வந்தது. பின்னால் ஸ்பிரிங் இருக்கிற ஒரு "98"-ஐ யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வலப்பக்க மூடிக்கு அடியில்

எஞ்சின் வலப்பக்கம். அப்பாவின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுக் கிக்கரை உதைத்த ஞாபகம் உள்ளவர்களுக்கு இந்த எடைச் சாய்வு பழக்கமானதுதான். மூடியைக் கழற்றுங்கள். பெரிய உடம்பு வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், காற்றாடி ஒன்று அதன்மேல் காற்றை அடிக்கும். சின்ன உடம்பு வண்டிகளில், அதாவது 50, பிரிமவேரா வகையில், சிலிண்டர் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். வெஸ்பா 50-தான் தஸ்கானியோ வடிவமைத்த கடைசி வெஸ்பா. 50 சிசி வண்டிக்கு அப்போது இத்தாலியில் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம், ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அது போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் அதற்குள் 125 எஞ்சினைத் திணித்தார்கள் என்பதும் வரலாறுதான், அதைப் பற்றிக் கீழே வருகிறது.

இப்போது கார்புரேட்டரைப் பாருங்கள். என் ஏமாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது இங்கேதான்.

வெஸ்பா எஞ்சினில் நடந்த பெரிய திருப்பம் 1958-59 வாக்கில் வந்தது. அதற்கு முன்னால் பெட்ரோல் கலவை சிலிண்டரின் சுவரில் உள்ள துளை வழியாக உள்ளே போகும், பிஸ்டனே அதைத் திறந்து மூடும். புதிய முறையில் கார்புரேட்டர், கிராங்க் கேஸின், அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் எஞ்சின் கூட்டின், தலைமேல் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரு பக்கத் தட்டில் வெட்டிய பள்ளம், சுற்றும்போது துளைக்கு நேரே வந்தால் கதவு திறக்கும், தாண்டினால் மூடும். சுழல் வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவை நேராகப் பேரிங்குகள்மேலேயே விழுவதால் எண்ணெய் குறைவாகப் போதும். முன்பு பெட்ரோலில் 5 சதவீதம் எண்ணெய் கலந்த இடத்தில் 2 சதவீதம் போதும் என்றானது. புகையும் குறைந்தது, செலவும் குறைந்தது. அந்தத் தட்டு உரசும் இடத்தில் கீறல் விழுந்தால்தான் தலைவலி, கலவை திரும்பி கார்புரேட்டர் வழியே துப்பும். ஏர் ஃபில்டர் எல்லாம் பெட்ரோலில் நனைந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

இதில் விஷயம் என்னவென்றால், ஜிஎஸ் 150 இந்தச் சுழல் வால்வுக்கு மாறவேயில்லை. அதன் கார்புரேட்டர் சிலிண்டரோடு சேர்ந்திருக்கும். நான் அட்வான்ஸ் கொடுத்த வண்டியின் மூடியைத் திறந்தால், கிராங்க் கேஸ்மேல் தகரப் பெட்டி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடிய, 8 குதிரைச் சக்தி கொண்ட பந்தய மனசுள்ள வண்டி என்று நான் நினைத்தது, தினமும் வேலைக்குப் போய்வர ஒருவர் வைத்திருந்த 150.

எழுத்துகளைப் படிப்பது

டார்ச்சை அந்த மூடி இருந்த திறப்பின் பின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். பெரிய உடம்பு வண்டிகள் பலவற்றில் சேசிஸ் நம்பர் அங்கே தகட்டில் அடித்திருக்கும். சின்ன உடம்பு வண்டிகளில் இடம் வேறு. நம்பருக்கு முன்னால் உள்ள எழுத்துகள்தான் வண்டியின் ஜாதகம். அவற்றின் கடைசியில் டி இருந்தால் தெலாயோ, அதாவது சேசிஸ். எஞ்சினில் அதே எழுத்துகளோடு எம் இருக்கும், மோத்தோரே. எஞ்சின் நம்பர், பின் ஷாக் அப்சார்பர் எஞ்சினோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில்.

விஎன்பி என்றால் 1959-இல் தொடங்கிய 125. விபிபி என்றால் 1960-இல் தொடங்கிய 150. விஎஸ்1 முதல் விஎஸ்5 வரை ஜிஎஸ் 150. விஎஸ்பி என்றால் ஜிஎஸ் 160, விஎஸ்சி 180 எஸ்எஸ், விஎஸ்டி 180 ராலி, விஎஸ்இ 200 ராலி. விஎல்பி ஸ்பிரிண்ட். வி5ஏ என்றால் 50. விஎன்எக்ஸ், விஎல்எக்ஸ், விஎஸ்எக்ஸ் மூன்றும் பிஎக்ஸ் குடும்பம்.

எஞ்சின், சேசிஸ் இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். வேண்டியதில்லை, எழுத்துகள் பொருந்தினால் போதும். வி5ஏ சேசிஸில் விஎம்ஏ, அதாவது 125, எஞ்சின் இருந்தால், முன்பு சொன்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவண்ணம். ஓட்ட ஜாலியாக இருக்கும், போலீஸ் நிறுத்தினால் இருக்காது.

எழுத்துகளை விரலால் தடவுங்கள். தொழிற்சாலை அச்சு ஒரே ஆழம், ஒரே வரிசை. ஒரு எழுத்து மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தால், அல்லது சுற்றியுள்ள தகடு கண்ணாடிபோல வழவழவென்று இருந்தால், அங்கே கிரைண்டர் ஓடியிருக்கிறது. சேசிஸ் நம்பர் திருத்திய வண்டி இத்தாலியில் பறிமுதல் ஆகும், வாங்கியவர்தான் மாட்டுவார். நான் பார்த்த வண்டியில் அந்த அளவுக்குத் துணியவில்லை. எழுத்துகளின்மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். நகத்தால் சுரண்டினேன். முதலில் வி, அடுத்தது பி. ஜிஎஸ்ஸில் அந்த இடத்தில் எஸ் இருக்க வேண்டும். பெரிய சக்கரத்துக்காக முன் ஃபோர்க்கையே மாற்றியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பிஎக்ஸும் காகிதமும்

முதல் பழைய வெஸ்பா வாங்குகிறவருக்கு நான் சொல்வது பிஎக்ஸ். 1977-இல் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள். பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்குவதைக் குறைக்க முன் சஸ்பென்ஷனை மாற்றியமைத்தார்கள். எண்ணெயைத் தனித் தொட்டியில் ஊற்றினால் வண்டியே கலந்துகொள்ளும் வசதியும் அதில் கிடைத்தது. 1998-இல் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். 2007-இல் நிறுத்திவிட்டு, கேட்பவர்கள் விடாததால் 2011-இல் மறுபடி விற்றார்கள். உதிரிபாகம் தட்டுப்பாடே இல்லை. 1996-இல் வந்த இடி4 முதல் நான்கு ஸ்ட்ரோக் வெஸ்பா, கியரும் தானியங்கி. தகட்டு உடம்பு அப்படியே இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுரையில் சொன்ன வித்தைகளில் பாதி அதற்குத் தேவைப்படாது.

காகிதத்தில் லிப்ரெத்தோ என்ற பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள், சேசிஸ் எழுத்துகளை அதோடு ஒப்பிடுங்கள். பிஆர்ஏ என்ற பொது வாகனப் பதிவகத்தில் நம்பர் பிளேட்டை வைத்து விசாரித்தால் உரிமையாளர் விவரமும் கடன் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்பதும் தெரியும். பியாஜியோவே சேசிஸ் நம்பரை வைத்துப் பிறப்புச் சான்று கொடுக்கும். 30 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, ரோட்டில் ஓட்டினால் ஒரு சின்ன நிலையான கட்டணம் மட்டும். பொந்தெடேராவில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே பியாஜியோ அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய், நீங்கள் தேடும் மாடலின் முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். கண் பழகிவிடும்.

அந்தச் சந்தை முடிந்து இரண்டு வருடம் கழித்து, எங்கள் பட்டறைக்கு ஒருவர் ஒரு வெஸ்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளிச் சாம்பல் நிறம், நீள சீட். "1958 ஜிஎஸ், அதே நிறத்தில் புதுசாக அடிக்க வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்றார். பின் ஓரத்தில் நான் நகத்தால் சுரண்டிய இடம் அப்படியே இருந்தது. விலை சொல்வதற்கு முன்னால் வலப்பக்க மூடியைக் கழற்றித் தரையில் வைத்தேன். முட்டிக்கு அட்டையைப் போட்டுவிட்டு, டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.